யானையின் இடது கண்

முதல் நாள் இந்த அறைக்குள் வந்ததும் நீங்கள் நாலு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள். மேசையில் வரிசையாக நூலால் பின்னிய யானைத் தலைகள், எல்லாவற்றுக்கும் கண்ணைச் சுற்றித் துணிக்கட்டு. "என்னக்கா, ஆனைக்கெல்லாம் கண் ஒப்பரேஷனா?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு வரியில் சொல்கிற பதில் இல்லை அது.

இந்த மாதத்தோடு நான் கொழும்புக்குப் போகிறேன், ஒரு பொம்மைக் கம்பனியில் வேலை. ஓய்வு பெற்ற பெரியவர்கள்தான் இப்படி அனுபவம் எழுதுவார்கள் என்று எனக்கும் தெரியும். எனக்கு வயது இருபத்தாறு. ஆனால் கண் வேலையை விட்டு எழும்புகிறவள், அடுத்து அந்தக் கதிரையில் உட்காரப் போகிறவளுக்கு ஏதாவது சொல்லிவிட்டுத்தானே போகவேண்டும்? பின்னலைப் பற்றிச் சொல்லமாட்டேன். அதை யூடியூப்பில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது கண்ணைப் பற்றி.

கண் வைக்கும்வரை நூல் பொம்மை வெறும் உருண்டைதான். இரண்டு கண்ணையும் நெருக்கி வையுங்கள், கள்ளப் பார்வை வந்துவிடும். ஒரு வரிசை மேலே ஏற்றினால் பயந்த முகம். கீழே இறக்கி, கொஞ்சம் அகட்டி வைத்தால் குட்டி மாதிரி இருக்கும். அதனால் முதலில் குண்டூசியைக் குத்தி வைத்துவிட்டு, எழும்பி மேசைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லா முகமும் அழகாகத்தான் இருக்கும், நாம் செய்தது இல்லையா!

இதெல்லாம் அழகு. நான் சொல்ல வந்தது வேறு.

நாங்கள் வைக்கிற பிளாஸ்டிக் கண்ணை உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். முன்னால் கறுப்பாகப் பளபளக்கும் குமிழ், பின்னால் ஆணி மாதிரி ஒரு தண்டு, தண்டில் படிப்படியாக வளைய மேடுகள். கண்ணை வெளியிலிருந்து பின்னலுக்குள் குத்தி, உள்பக்கம் நடுவில் ஓட்டை உள்ள ஒரு வாஷர் வில்லையைத் தண்டில் போட்டு அழுத்தவேண்டும். ஒவ்வொரு மேட்டைத் தாண்டும்போதும் 'டக்' என்று கேட்கும். கடைசி டக் கேட்டால் அந்தக் கண் பிறகு வராது. தலைக்குள் பஞ்சு அடைப்பதற்கு முன்னால், வெறும் கூடாக இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை அது. கண் வருகிற பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

எங்கள் மேசையில் அப்படி நடக்கவில்லை. காரணம் சகுந்தலாக்கா.

சகுந்தலாக்காவை உங்களுக்குத் தெரியும். எட்டு மணிக்கு முன்னால் வந்து யன்னலோரத்தைப் பிடித்துக்கொள்கிறவர். இங்கே வருவதற்கு முன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவருடைய பெரியப்பா வீட்டார்தான் அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவில் மண் குதிரைக்கு வருஷா வருஷம் வர்ணம் பூசுகிறவர்கள். எல்லாம் முடிந்து கடைசியில்தான் கண் எழுதுவார்களாம். அக்கா அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார்.

"கண்ண வச்சுட்டா அது நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும் புள்ள. பாத்துக்கிட்டு இருக்கிற ஒண்ணோட தலைக்குள்ள எப்பிடிப் பஞ்சத் திணிக்கிறது?"

"அது பொம்மைக்கா."

"பொம்மைதான். அதுக்குன்னு?"

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை தவறாத பிள்ளைகள்கூட அக்கா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஆகவே எங்கள் அறையில் முதலில் பஞ்சு, கடைசியில் கண். கழுத்து ஓட்டை வழியாக விரலை விட்டு, பஞ்சை விலக்கி, தடவித் தடவி வாஷரை மாட்டி அழுத்துவோம். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. காதை வைத்து டக் எண்ணுவதுதான். பிறகு வெளியிலிருந்து விரலால் இழுத்துப் பார்ப்போம். வரவில்லையா, சரி, பெட்டிக்குள் போடு.

இப்போது மேலே பாருங்கள். தகரக் கூரை. மழைக்காலத்தில் பக்கத்தில் இருக்கிறவள் கத்தினாலே கேட்காது, டக் எங்கே கேட்கும்?

ஒரு வருஷம் தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் ஒரு காலை போன் வந்தது. பொம்மையில் கட்டுகிற அட்டையில் அப்போது என்னுடைய நம்பர்தான் இருந்தது.

"ஹலோ, ஆனைப் பொம்ம செய்யிற எடங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"அந்த ஆனைக் கண்ணு என்னத்துல செஞ்சதுங்க? இரும்பா, பிளாஸ்டிக்கா? டொக்டர் கேக்குறாரு."

பேசியவர் விஜயா. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவர். கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர், ஹட்டனில் நாங்கள் விற்கப் பொம்மை போடுகிற முஸ்லிம் நானாவின் கடையில் மூத்த மகளுக்கு ஒரு யானை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மகள் கவிக்கு ஐந்து வயது. கைக்குழந்தைக்குப் பத்து மாதம். காலையில் எழும்பினால் யானைக்கு இடது கண்ணைக் காணவில்லை, குழந்தை விடாமல் இருமுகிறான். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"பிளாஸ்டிக்குங்க. பிள்ள எப்பிடி இருக்கு?"

"மூச்சு இழுக்குது," என்றார்.

நானும் சகுந்தலாக்காவும் எழும்பினோம். அப்போது எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் வாசல் வரை வந்தார். கெட்ட மனிதர் இல்லை. இந்த அறையை ஒன்றுமில்லாமலிருந்து உண்டாக்கினவர்.

"போய்ப் பாருங்க. ஆனா நம்மளாப் போய் நம்ம பொம்மையாலதான்னு சொல்லிக் குடுத்துடாதீங்க. இந்தக் குளிருல எந்தப் புள்ளதான் இருமல? அது சளியா இருந்தா நாளைக்கு நம்ம பேருதான் கெடும்."

அதில் பொய்யும் இல்லை. மலையில் அந்த மாதத்தில் இருமாத பிள்ளை கிடையாது. ஓட்டோவில் போகும் வழியெல்லாம் அந்தப் பேச்சு என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கூடவே நான் போனில் வாசித்துக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாதாம். மூச்சுக் குழாய்க்குள் போனால் சில நேரம் இருமல் நின்றுவிடுமாம், நின்றதால் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவார்களாம். ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தேன்.

"போன வையி புள்ள," என்றார் சகுந்தலாக்கா. "அங்க போய் அந்தத் தாய்கிட்ட இதெல்லாம் ஒப்பிச்சுக்கிட்டு நிக்காத."

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் விஜயா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்தில் கவி, மடியில் ஒற்றைக் கண் யானை. தம்பியை விட்டு வீட்டில் நிற்கமாட்டேன் என்று அவளும் வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் விஜயா கேட்ட முதல் கேள்வி:

"வெளயாட்டுச் சாமான்ல கழண்டு வர்ற மாதிரியா கண்ணு வப்பீங்க?"

நான் வாயைத் திறந்தேன். சகுந்தலாக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

டொக்டர் இளம் ஆள், சிங்களவர். என் சிங்களம் நன்றாக ஓடும், அதனால் பேச்சு என் பொறுப்பு. அவர் நிலைமையை நேராகச் சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வலது பக்கம் மூச்சுச் சத்தம் குறைவு மாதிரிக் கேட்கிறது, சளியிலும் அப்படிக் கேட்கலாம். உள்ளே இருக்கிறதென்றால் கண்டிக்கு அனுப்பவேண்டும், மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுக்கவேண்டும்.

"பத்து மாசக் குழந்தையைச் சும்மா சந்தேகத்துக்கு மயக்க விருப்பமில்லை," என்றார். "அதுக்காக ரொம்ப நேரம் காத்திருக்கவும் முடியாது. அந்தக் கண் எங்கே? அதைக் கண்டுபிடிச்சுத் தாங்க. இல்லாட்டி அது எங்கே இல்லைன்னாவது சொல்லுங்க."

எங்கே இல்லை என்ற அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தரக்கூடியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

பிளாஸ்டிக் கண் காணாமல் போக இரண்டு வழி உண்டு. பின்னல் தளர்வாக இருந்தால் கண் வாஷரோடு சேர்ந்து உள்ளே புதைந்துவிடும். அப்படியென்றால் அது பஞ்சுக்குள் பத்திரமாக இருக்கும், குழந்தைக்கு வெறும் சளி. வாஷர் சரியாக இறங்காமல் இருந்தால் கண் வெளியே வந்துவிடும், வாஷர் மட்டும் உள்ளே தங்கும். எது நடந்தது என்று பார்க்க யானையைப் பிரிக்கவேண்டும்.

கவி விடவில்லை. யானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கண்ணு போனதுக்கு கழுத்த ஏன் வெட்டுறீங்க?"

"உள்ள போய் ஒளிஞ்சிருக்கான்னு பாக்கணும்டி. பாத்துட்டு நானே தச்சுத் தாரேன்," என்றார் சகுந்தலாக்கா.

"நீங்கதான் இத செஞ்சீங்களா?"

"ஆமா."

"அப்ப ஒங்களுக்குத் தெரியாதா உள்ள என்னா இருக்குன்னு?"

சகுந்தலாக்கா கையை நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே கொடுத்தாள்.

என் சால்வையை வாங்கில் விரித்து, கழுத்துத் தையலை வெட்டி, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் போட்டோம். ஒவ்வொரு பிடியையும் விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தோம். பாதித் தலை காலியானபோது சகுந்தலாக்காவின் உள்ளங்கையில் வாஷர் கிடந்தது. தனியாக.

"இது என் கை வேலைதான்," என்றார்.

எழும்பி டொக்டரிடம் போகத் திரும்பினேன். அதே நேரம் விஜயாவின் போன் அடித்தது. வீட்டில் கண்ணைத் தேடிக்கொண்டிருந்த பக்கத்து அறைக் காம்பராக்காரி. ஒரே சத்தம்.

"கெடைச்சிருச்சு விஜி! கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு! கண்ணு கெடைச்சிருச்சு!"

விஜயா அழத் தொடங்கிவிட்டார். வட்ஸ்அப்பில் படமும் வந்தது: ஒரு கை, அதில் கறுப்பாக, உருண்டையாக, பளபளவென்று ஒன்று. அதேதான். அளவும் அதேதான். அந்த நிமிஷம் எங்கள் எல்லோருக்கும் அது கண்ணாகவே இருக்கவேண்டியிருந்தது. தாய்க்குக் குழந்தை, எனக்கு இந்த அறை, சகுந்தலாக்காவுக்கு அவருடைய கை.

தம்பி தங்கச்சிமாரே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கெட்ட செய்தி வந்தால் நாம் எல்லோரும் இரண்டு தரம் சரிபார்ப்போம். நல்ல செய்தி வரும்போது யாரும் சரிபார்ப்பதில்லை. அன்றைக்கு நான் கேட்டதற்குப் புத்திசாலித்தனம் காரணம் இல்லை. வெறும் மேசைப் பழக்கம். புதுக் கண் பெட்டி வந்தால் நாங்கள் முன்பக்கம் பார்ப்பதே இல்லை, முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். கவிழ்த்துப் போட்டுத் தண்டைத்தான் பார்ப்போம்.

"விஜயாக்கா, அதத் திருப்பி வச்சு இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்க."

"அதான் கெடைச்சிருச்சே! இன்னும் என்னா படம்?" விஜயா என்மேல் எரிந்து விழுந்தார். "ஒங்க ஆனைக்குக் குத்தம் இல்லைன்னு காட்டவா?"

"பின்னால ஒரு தண்டு இருக்கணும். அத மட்டும் பாத்துக்கிறேன்."

தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். இரண்டாவது படம் வந்து சேருவதற்குள் குழந்தையின் இருமல் நின்றுவிட்டது. தாய் சந்தோஷமாக அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஓட்டோவில் வாசித்ததை நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் திறந்தது. தண்டு இல்லை. உடைந்த ஒரு வளையத்தின் அடிக்கட்டை.

"சுவெட்டர் பொத்தான்," என்றார் சகுந்தலாக்கா.

விஜயா குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டொக்டரிடம் போனேன். பொறுப்பாளர் சொல்லி அனுப்பியது அப்போதும் ஞாபகத்தில் இருந்தது. அதற்கு அங்கே இடம் இருக்கவில்லை. வாஷரை அவர் மேசையில் வைத்தேன்.

"இது எங்கள் பொம்மை. உள்ளே பார்த்தோம், இது மட்டும் கிடந்தது. கண் வெளியேதான் வந்திருக்கிறது."

"வீட்டில்?"

"தேடுகிறார்கள். இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்ததாகச் சொன்னது ஒரு பொத்தான்."

"வீட்டில் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லுவீங்களா?"

"அதை என்னால் சொல்ல முடியாது. பொம்மைக்குள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்."

அப்போது சகுந்தலாக்கா உள்ளே வந்தார், பின்னலைச் சுற்றி வெட்டி எடுத்த வலது கண்ணோடு. "இத மாதிரித்தான் மத்ததும். தண்டு இம்புட்டு நீளம், எக்ஸ்ரேயில தெரியாதுன்னு சொல்லு," என்றார் என்னிடம். டொக்டர் அதை வாங்கித் தன் சுண்டுவிரல் நகத்தோடு வைத்துப் பார்த்தார். பிறகு பிளாஸ்டர் கிழித்துக் கண்டிக்குப் போகிற கடிதத்தின் மூலையில் அதை ஒட்டினார். அம்புலன்ஸ் வந்தது. தாயையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். பிய்த்த யானையைச் சால்வையோடு சுருட்டிக் கவியிடம் கொடுத்தோம். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

பின்னேரம் விஜயாவே எங்களுக்குப் போன் எடுத்தார். வலது பக்க மூச்சுக் குழாயில் இருந்ததாம். எடுத்துவிட்டார்களாம். பிள்ளை பால் குடிக்கிறானாம். "டொக்டர் சொன்னாரு, நேரத்தோட அனுப்பினது நல்லதாப் போச்சுன்னு," என்றார். நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அறைக்கு வந்து நடந்ததைச் சொன்னோம். பொறுப்பாளர் போனைக் கையில் எடுத்து நானாவைக் கூப்பிட்டார். கடையில் இருந்த யானைகளை எல்லாம் இறக்கிவிடச் சொன்னார். "காலையிலேயே எறக்கிட்டேனே," என்றாராம் நானா. "தங்கச்சிமார் ரெண்டு பேரும் ஓடுறதக் கண்டேன். ஆனை விஷயமாத்தான் இருக்கும்னு நெனச்சேன்." விற்றுப்போனவற்றைத் தேடிப்பிடிக்கக் கந்தப்பளை வரைக்கும் அலைந்தோம். அது தனிக் கதை.

அதற்குப் பிறகுதான் இந்த அறையில் மூன்று விஷயம் வந்தது. பிளாஸ்டிக் கண் வெறும் கூட்டில்தான், பஞ்சுக்கு முன்னால். சகுந்தலாக்கா அதற்குச் சம்மதித்தார், ஆனால் தன் மனதை விட்டுக்கொடுக்கவில்லை: கண்ணை வைத்ததும் துணியால் கட்டிவிடுவார், பஞ்சு அடைத்து முடிந்தபிறகுதான் அவிழ்ப்பார். அதுதான் நீங்கள் சிரித்த கட்டு. யாராவது கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்தக் கட்டால் யாருக்கும் நட்டம் இல்லை, வேலை ஒழுங்காக நடக்கிறது. இரண்டாவது, கூரையில் மழை விழுந்தால் கண் வேலை கிடையாது. அந்த நேரத்தில் காது பின்னுங்கள், வால் பின்னுங்கள்.

மூன்றாவதைத்தான் நீங்கள் மறக்கக்கூடாது. அந்த யானை ஐந்து வயதுப் பிள்ளைக்கென்று விற்றது. அட்டையிலும் மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருந்தோம். எல்லாம் சரிதான், வீடு தனித்தனி அறையாக இருந்தால். லயத்தில் ஒரு காம்பராவுக்குள் எல்லோரும் படுக்கிறோம். அங்கே மூத்தவளின் பொம்மை என்று ஒன்று கிடையாது. இருட்டில் யார் கைக்குக் கிடைக்கிறதோ அவர்களுடையது. நானும் அப்படி ஒரு காம்பராவில் வளர்ந்தவள்தான், இருந்தும் அட்டையில் போட்டிருந்ததை நம்பினேன். ஆகவே பொம்மை யாருக்கு என்று கேட்காதீர்கள். அந்த வீட்டிலேயே சின்ன வாய் யாருடையது என்று கேளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே ஒரு வாய் இருந்தால் நூல் கண். வாங்குகிறவர் முகத்தைச் சுளிப்பார். "நூல் கண்ணு செத்த மாதிரி இருக்கே, தங்கச்சி" என்பார். கறுப்பு வட்டத்தின் மேல் மூலையில் ஒரு வெள்ளைத் தையல் போட்டுக் காட்டுங்கள், உயிர் வந்துவிடும். அதற்கும் முகத்தைச் சுளித்தால் விற்காதீர்கள்.

கொஞ்ச நாள் போய் நானும் சகுந்தலாக்காவும் விஜயாவின் லயத்துக்குப் போனோம். கூப்பிடாமல்தான் போனோம். குழந்தை வாசலில் ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விஜயா தேத்தண்ணி தந்தார்.

"ஒங்கள ஏசணும்னுதான் வச்சிருந்தேன். இங்க வந்து நிப்பீங்கன்னு நெனைக்கல."

"ஏசுங்க விஜயா," என்றார் சகுந்தலாக்கா.

"இப்ப வரமாட்டேங்குது."

கவி உள்ளே போய்ச் சால்வையோடு யானையைக் கொண்டுவந்து சகுந்தலாக்காவின் மடியில் போட்டாள். தச்சுத் தாரேன் என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அக்கா பஞ்சை அடைத்தார், கழுத்தைத் தைத்தார். பிறகு வலது பக்கம் வெட்டின ஓட்டையைத் தைத்து மூடி, கறுப்பு நூலை ஊசியில் கோத்து, தலைக்குள் விட்டு வாங்கி விட்டு வாங்கி, இரண்டு கண்ணையும் போட்டார். கடைசியில் வெள்ளை. முடிச்சைக் காதுக்குப் பின்னால் புதைத்து நூலைக் கடித்தார்.

கவி யானையை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இடது கண்ணை நகத்தால் சுரண்டினாள். பிறகு பல்லால் கவ்வி, கழுத்து நரம்பு புடைக்கத் தன் பலமெல்லாம் சேர்த்து இழுத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வலது கண்ணையும் அப்படியே இழுத்தாள்.

"வரல," என்றாள்.

வாயைக் கையால் துடைத்துக்கொண்டு போய், யானையைத் தம்பியின் மடியில் வைத்தாள்.